மூடக்கூடாத கான்

சட்டத்தரணி கஜந்தி வீதியோரமாக நடக்கமாட்டாள். சங்குமுனையில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வடிகாலான கானின் மூடிகளில் கால் வைக்காமல், மின்கம்பங்களுக்கு ஓர் ஆள் நீளம் இடம் விட்டு, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நடுவீதியால் போவாள். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்கள் ஹோன் அடித்துப் பார்த்து அலுத்துப் போனவர்கள்.

"லோயரம்மா, றோட்டை உங்கட பேரில எழுதியாச்சோ?" என்று ஒருவன் கேட்பான்.

"உறுதி முடிச்சதே அவதானே மச்சான்" என்று மற்றவன் சொல்லுவான்.

அவளும் சிரிப்பாள். ஆனால் ஓரத்துக்கு வரமாட்டாள்.

துறைமுகத்தைப் பார்த்தபடி நீண்டு கிடக்கும் அந்தச் சிறிய பிரதேச சபைக்கு எதிராக யார் நட்டஈட்டு வழக்குப் போட்டாலும் சபைக்காக எழும்பி நிற்பவள் கஜந்திதான். பதினாறு வருடமாக அதுதான் தொழில். சந்தைக் கூரையின் தகடு காற்றில் கழன்று, மீன் வாங்க நின்றவரின் தோளை வெட்டிய வழக்கு. சிறுவர் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்த வழக்கு. மயானத்து மதில் சரிந்து மாடு கட்ட வந்தவரின் இடுப்பை நசுக்கிய வழக்கு. மழை நாளில் தெருவிளக்குக் கம்பத்தில் கையூன்றிய பெடியனின் வழக்கு. ஒவ்வொன்றையும் வைத்திய அறிக்கையோடும் படங்களோடும் வரி வரியாக வாசித்து, சபைக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பெரும்பாலும் வென்றும் இருக்கிறாள். ஆனால் மன்றில் நின்று "அவ்விடத்தில் ஆபத்து ஏதும் இருக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் அவளுக்கு ஊர் முழுக்க ஆபத்தாகவே தெரியும். எந்தத் தகடு கழன்றிருக்கிறது, எந்த மதில் வயிறு தள்ளி நிற்கிறது, எந்தக் கம்பத்தின் அடியில் வயர் வெளியே தெரிகிறது என்று கண் தேடிக்கொண்டே போகும். பதின்மூன்று வயது மகன் திலக்சன் கேலி செய்வான். முற்றத்துத் தென்னைக்கும் ஒரு கடிதம் அனுப்பும்படி, தேங்காய் விழுத்தினால் பொறுப்பேற்க வேண்டி வரும் என்று எழுதும்படி. அவள் அவனை அந்தத் தென்னைக்குக் கீழே சைக்கிள் நிறுத்த விடுவதில்லை.

தொழிலில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விபத்து நடந்ததாகச் சபைக்கு அறிவித்தல் கிடைத்த அன்றே ஒரு கடிதம் அனுப்பிவிடுவாள். வழக்கு முடியும்வரை குறித்த இடத்தில் சபை எந்த வேலையும் செய்யக்கூடாது, மூடவோ பூசவோ அடையாளம் வைக்கவோ கூடாது என்று அதில் இருக்கும். அதற்கொரு காரணமும் உண்டு. அவள் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு கிழவர் விழுந்த பள்ளத்தைச் சபை மறுநாளே சீமெந்து போட்டு நிரப்பிவிட்டது. எதிர்த்தரப்பு அந்த ஈரச் சீமெந்தைப் படம் பிடித்து வைத்திருந்தது. குறை இல்லாத இடத்தை ஏன் திருத்தினீர்கள் என்று நீதிபதி கேட்டார். அதற்குப் பிறகு கடிதம் ஒருநாளும் தவறியதில்லை. சபையில் அதற்குக் கஜந்தி கடிதம் என்றே பெயர்.

உம்மு குல்சுமின் வழக்கிலும் அந்தக் கடிதம் போயிருந்தது.

உம்மு குல்சுமுக்கு ஐம்பத்திரண்டு வயது. படகுத்துறை ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்பவர். அந்தக் குறுகிய தெருவில் எல்லாருக்கும் அவர் அக்கா முறையில் குல்சும் ராத்தா. இரண்டு வருடத்துக்கு முந்திய மாரி மழைக்காலத்தில், விடியற்காலையில் இடியப்பத் தட்டோடு போனவர், முழங்கால் வெள்ளத்துக்குள் மூடியில்லாத கானில் விழுந்தார். வலது கால் விளிம்பில் அடிபட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் சபைக்கு எதிராக வழக்குப் போட்டார். மூடி உடைந்திருப்பதாக யாரும் சபைக்கு அறிவிக்கவில்லை என்பது கஜந்தியின் முதல் வாதம். அந்த இடத்தில் கொப்பு நட்டிருந்தது, அதைப் பார்த்து விலகியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

கொப்பு நடுவது ஒழுங்கைச் சனத்தின் பழக்கம். வீதியில் பள்ளம் விழுந்தால் இலையோடு ஒரு பூவரசங் கொப்பை முறித்து அதில் குத்திவிடுவார்கள். தூரத்திலேயே தெரியும். ஆனால் இந்தப் பக்கத்தில் மான்கள் ஊருக்குள் திரிகின்றன. காலையில் நட்டால் மத்தியானத்துக்குள் இலை முழுவதையும் மேய்ந்துவிடும். மிஞ்சுவது ஒரு தடி. சென்ற தவணையில் குல்சும் ராத்தாவின் சட்டத்தரணி கலீலுர் றஹ்மான், மான் தின்று முடித்த கொப்பைத்தான் சபை எச்சரிக்கைப் பலகையாகப் பாவிக்கிறதா, அப்படியானால் மானும் சபையின் ஊழியரா என்று கேட்டார். மன்றே சிரித்தது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடத்தை நேரில் வந்து பார்க்கப் போவதாகச் சொல்லி மார்கழிக்குத் தவணை போட்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் கஜந்தி கணக்குப் பார்த்தாள். இப்போது கார்த்திகை. மார்கழிக்குள் மழை வந்துவிடும். கான் இரண்டு வருடமாகத் திறந்தே கிடக்கிறது. அதைத் திறந்து வைத்திருப்பது அவளுடைய கையெழுத்து.

இரண்டு நாள் கழித்து வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, நீதிபதி வருமுன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கணவர் இராகுலனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். இரண்டு வருடத்தில் அவள் அங்கே போனது இதுதான் முதல் தடவை. சபையின் பழைய வரைபடத்தில் இரண்டரை அடி ஆழம் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் தன்னுடைய மறுமொழியை எழுதியிருந்தாள்.

ஒழுங்கை துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்கியது. நடுவளவில், ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் கானின் திறந்த வாய். இரண்டு மூடிகளின் அகலம் இருக்கும். உடைந்த கொங்கிறீட்டிலிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை. கதிரையில் ஊன்றுகோலை மடியில் வைத்தபடி குல்சும் ராத்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாகக் குத்திய கொப்பு.

கஜந்தி திரும்பிவிட நினைத்தாள். எதிர்த்தரப்பு ஆளோடு அவருடைய சட்டத்தரணி இல்லாமல் கதைப்பது தொழில் ஒழுங்குக்குச் சரியில்லை. ஆனால் ராத்தா அவளைக் கண்டுவிட்டார்.

"வாங்க. நீங்கதானே எனக்கு எதிரா நிக்கிற லோயர்" என்றார். குரலில் கோபம் இல்லை. பழகிய அயலாளைக் கூப்பிடுவது போலிருந்தது. "கொப்பு இரிக்கா எண்டு பாக்க வந்தீங்களா? இரிக்கு. மான் வாறத்துக்குள்ள பாத்திட்டுப் போங்க."

கஜந்தி இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். ராத்தா மேற்கே ஒழுங்கை முனையைக் காட்டினார். அங்கே குர்ஆன் ஓதல் பள்ளி. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு ஓதப் போகும் பிள்ளைகள் பொழுதுபடும் மஃரிபுக்கு முன்னால் இந்த வழியாகத்தான் வீடு திரும்புவார்கள். சின்னப் பிள்ளைகள், ஓடிப் பிடித்து விளையாடி வருகிறவர்கள். மாரி தொடங்கினால் கான் எது, வீதி எது என்று தெரியாது. ஆகையால் கால் கொஞ்சம் ஊன்ற வந்ததிலிருந்து, மாரி மாதங்களில் பின்னேரமானால் அவர் கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார். பிள்ளைகள் போய் முடியும்வரை எழும்புவதில்லை.

"ஒரு பலகையாவது போடக்கூடாதா?" என்றாள் கஜந்தி. கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது.

"போடட்டா எண்டு எங்கட லோயர்ட்டக் கேட்டன். வேணாம், அது நம்மட சாட்சி, ஜட்ஜ் ஐயா வந்து பாக்குமட்டும் சாட்சிய மூடப்படாது எண்டுட்டாரு." ராத்தா கொஞ்சம் சிரித்தார். "நீங்களும் மூட வேணாம் எண்டீங்களாம். எங்கட ஆளும் மூட வேணாம் எண்டாம். இந்தக் கானுக்கு ரெண்டு லோயர் காவல். எனக்குத்தான் ஒரு கதிரை."

கஜந்தி கானைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் கறுப்பாக, சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஆழம் இரண்டரை அடிதானே என்றாள். ராத்தா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஊன்றுகோலை நீட்டினார்.

"நீங்களே விட்டுப் பாருங்க, தங்கச்சி."

கஜந்தி குந்தியிருந்து கோலை இறக்கினாள். கோல் இறங்கியது. கைப்பிடியும் இறங்கியது. அவளுடைய மணிக்கட்டுத் தண்ணீரைத் தொட்டது. கீழே எதிலும் தட்டவில்லை. அடியில் இருந்த நீரோட்டம் கோலின் நுனியைப் பிடித்துத் துறைமுகப் பக்கம் இழுத்தது. யாரோ சின்னக் கையால் பற்றி இழுப்பது போலிருந்தது. அவள் கோலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கான், கீழே பீரங்கி போகிற அளவு குழாய் இருக்கிறது, நேரே கடலுக்குப் போகிறது என்று ராத்தா சொன்னார். அன்றைக்குத் தன்னுடைய கால் நிலத்தில் படவேயில்லை என்றும், சீலை அந்தக் கம்பியில் மாட்டியதால்தான் தப்பியதாகவும் சொன்னார். கஜந்திக்கு அது தெரியும். வழக்குரையின் ஏழாம் பந்தியில் அப்படியே எழுதியிருந்தது. அதற்கு அவள் கொடுத்த மறுமொழியும் நினைவிருந்தது. வழக்காளியின் கால் தரையில் படவில்லை என்பது மறுக்கப்படுகிறது. ஒரே வரி. தேநீர் குடித்துக்கொண்டே தட்டெழுதியது.

கந்தோருக்கு வந்து அலுவலக மேசையில் அமர்ந்ததும் சபைச் செயலாளர் பாக்கியரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். படகுத்துறை ஒழுங்கைக் கானை உடனே மூடும்படி சொன்னாள். மறுமுனையில் அவர் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மிஸ், கைவைக்க வேண்டாமெண்டு எழுதித் தந்தனீங்கள். அந்தக் கடிதம் ஃபைலில கிடக்கு. இப்ப வாயால சொன்னா நான் என்னெண்டு கைவைக்கிறது? எழுத்தில தாங்கோ."

"மழை வரப்போகுது ஐயா."

"ஓம், வரும். எனக்குப் பென்சனுக்கு அஞ்சு மாசம் கிடக்கு. எழுத்தில தாங்கோ."

அவர் கேட்டதில் பிழையில்லை. அவரும் பயந்த மனிதர், அவளைப் போலவே. கஜந்தி கடிதத்தைத் தட்டெழுதத் தொடங்கினாள். உயிராபத்து உள்ளதால் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபையில் ஒரு கடிதம் காலையில் போனால் பின்னேரத்துக்குள் சந்திக்கு வந்துவிடும். சபையின் சொந்தச் சட்டத்தரணியே உயிராபத்து என்று எழுதிவிட்டாளாம் என்று கலீலுர் றஹ்மான் மன்றில் நிதானமாக வாசிப்பார். சபைத் தலைமைக்கு வந்திருக்கும் புதிய தவிசாளர் ஏற்கெனவே வழக்குகளைத் தன் லோயர் மச்சானுக்குக் கொடுக்கச் சாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்தக் கான் ஆபத்து என்றால், பதினாறு வருடமாக ஆபத்தில்லை என்று அவள் எழுதிக் கொடுத்த மற்றவை எல்லாம் என்ன? அந்த மதில்? அந்தக் கம்பம்? அந்த ஊஞ்சல்?

கடிதத்தை அச்செடுத்துக் கையெழுத்தும் வைத்தாள். அனுப்பவில்லை. பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கோப்புப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தாழமுக்கம் திசை மாறிப் போகவும் கூடும் என்று நினைத்தாள். வானிலைக்காரர் எத்தனை தரம் பிழைவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. பத்து மணிக்குத் தொடங்கிய மழை விடவேயில்லை. மன்று மத்தியானத்தோடு கலைந்தது. கஜந்தி கந்தோர் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வீதியின் வெள்ளைக் கோடு மறைந்தது. பிறகு நடைபாதை. பிறகு எதிர்க்கடையின் முதற்படி. மூன்றரைக்கு அவள் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முனாஸுக்குப் போன் எடுத்து, இந்த மழைக்கு ஓதல் பள்ளி இருக்காதுதானே என்று கேட்டாள்.

"மழைக்கு ஓதல் நிக்காது மிஸ். பள்ளி கிட்டத்தானே. ஸ்கூல் நேரத்தோட விட்டதால கொஞ்சம் பிள்ளையள் முன்னமே போயிருக்கும், இனி வெள்ளம் ஏற முந்தி அனுப்பப் பாப்பாங்க."

அவள் பையைத் தோளில் மாட்டி, கறுப்புக் கோட்டோடு ஓடினாள். முதல் ஓட்டோக்காரன் வரமாட்டேன் என்றான். இரண்டாமவன், அவளுடைய நடுவீதி நடையைக் கேலி செய்கிறவன், ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டான். ஒழுங்கை முனைக்கு அரை மைல் முன்னாலேயே இயந்திரத்துக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்து போனாள்.

அதுதான் அவள் வாழ்க்கையில் நடந்த மிக நீண்ட நடை. வீதி இல்லை. ஓரம் இல்லை. நடு இல்லை. எல்லாம் ஒரே மண்ணிறத் தண்ணீர். எங்கே மூடி, எங்கே வாய் என்று தெரியாது. மின்கம்பங்களைப் பார்த்துத்தான் வீதியின் விளிம்பை ஊகிக்க வேண்டியிருந்தது. கம்பத்துக்குக் கிட்டப் போகவும் பயம், தூரப் போகவும் பயம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலை நீட்டி நிலத்தைத் தடவினாள். நிலம் அகப்படும்வரை மூச்சு விடவில்லை. காலில் எதுவோ மோதிப் போனது. ஒரு செருப்பு. சின்னச் செருப்பு. அவள் அதை எடுத்துப் பார்த்தாள், பிறகு ஏன் எடுத்தோம் என்று தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒழுங்கைக்குள் திரும்பியபோது சிவப்புக் கதிரையைக் கண்டாள். அது கால்கள் மேலே தெரியக் கவிழ்ந்து, ஒரு மதிலோடு முட்டி முட்டி மிதந்துகொண்டிருந்தது. ராத்தாவைக் காணவில்லை. கொப்பும் இல்லை. மின்கம்பத்தின் பக்கத்தில் தண்ணீர் மட்டும் ஒரு இடத்தில் வட்டமாகச் சுழன்றது.

ஏழாம் பந்தி மறுக்கப்படுகிறது, ஏழாம் பந்தி மறுக்கப்படுகிறது என்று அந்த ஒரு வரிதான் கஜந்தியின் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

"அங்கயே நில்லுங்க!"

ராத்தாவின் குரல். ஒரு வீட்டு வாசலின் இரும்புக் கேற்றைக் கட்டிப் பிடித்தபடி, இடுப்புவரை நனைந்து நின்றார். கதிரையைத் தண்ணீர் தூக்கியபோது அவரையும் சாய்த்துவிட்டது. ஊன்றுகோல் போய்விட்டது. கோல் இல்லாமல் இந்த இழுவைக்குள் நிற்க அவருடைய காலுக்கு ஏலாது. கான் வாய்க்கு அப்பால், ஒரு கடைப் படியில், ஒன்பது பிள்ளைகள் ஓதும் கித்தாபுப் புத்தகங்களைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நெருங்கி நின்றார்கள். வெள்ளம் அந்தப் படியிலும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் இறங்கத்தான் வேண்டும்.

"பொழுது படுது" என்றார் ராத்தா. "எங்க வாய் இரிக்கு எண்டு பிள்ளையளுக்குத் தெரியாது. ஆராவது ஒராள் விளிம்பில நிக்கோணும்."

ஆராவது என்றால் யார்? ஒழுங்கையில் அவளைத் தவிர யாரும் இல்லை. வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு மாடி யன்னலில் மட்டும் இரண்டு முகம் தெரிந்தது.

விளிம்பில் நிற்க ஒரே வழி அந்த மின்கம்பத்தைப் பிடிப்பது. கஜந்தி கம்பத்தைப் பார்த்தாள். கம்பத்தில் கையூன்றிய பெடியனின் வைத்திய அறிக்கை அவளுக்கு மனப்பாடம். அவனுடைய உள்ளங்கையின் படம் கூட. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தொட்டாள். பிறகு இடது கையால் கட்டிப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காலால் தடவித் தடவி உடைந்த விளிம்பைக் கண்டுபிடித்து, அதில் குதிக்காலை ஊன்றி, வெறுமைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றாள். கறுப்புக் கோட்டை விரித்து வலது கையில் பிடித்தாள், தூரத்திலிருந்து தெரியட்டும் என்று. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. பெரிய மிருகம் ஒன்று குடிப்பது போன்ற சத்தம்.

ராத்தா கேற்றிலிருந்தபடியே ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மதிலோடு ஒட்டி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரச் சொன்னார். பிள்ளைகள் இறங்கினார்கள். மூன்று பேர் அவளைக் கடந்தார்கள். ஐந்து பேர். கடைசிப் பிள்ளைக்கு முன்னால் வந்தது ரிஸ்லா என்ற ஏழு வயதுப் பிள்ளை. அவள் தன் பூப்போட்ட குடையை மடக்க மறந்துபோனாள். கம்பத்தடிக்கு வந்தபோது காற்று குடையைப் பிடுங்கியது. குடை கஜந்தியின் தோளில் பட்டு, பின்னால் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான். அதன் கம்பிகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அது இல்லை. பிள்ளை தன் குடைக்காகக் கையை நீட்டி ஓரடி வைத்தாள். கஜந்தி கோட்டை விட்டுவிட்டு அவளுடைய பர்தாவோடு சேர்த்துப் பின்கழுத்தைப் பிடித்தாள். கோட்டும் குடையின் வழியே போனது.

"என்ட குடை" என்றாள் ரிஸ்லா.

"குடை போகட்டும்" என்றாள் கஜந்தி.

ஒன்பதாவது பிள்ளையும் போனபிறகு அவள் நிமிர்ந்தாள். மாடி யன்னலில் ஒரு போன் அவளைப் பார்த்துப் பிடித்தபடி இருந்தது. எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சபையின் சட்டத்தரணி, சபைக்குத் தெரியாத, ஆழமில்லாத, ஆபத்தில்லாத அந்தக் கானின் விளிம்பில் காவல் நிற்கும் படம். இனி அவள் என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். ஆனாலும் அவள் நின்ற இடத்திலேயே நின்று, பையை நனையாமல் உயர்த்திப் பிடித்து, போனை எடுத்து முனாஸைக் கூப்பிட்டாள்.

முனாஸ் சபை உழவு இயந்திரத்தில், இரண்டு மூடியும் நாலு தொழிலாளிகளுமாக வந்து சேர முக்கால் மணி நேரம் எடுத்தது. அதுவரை அவள் கம்பத்தை விடவில்லை. அவன் வந்ததும் எழுத்து எங்கே என்றுதான் கேட்டான். செயலாளர் கேட்கச் சொல்லியிருந்தார். கஜந்தி பிளாஸ்ரிக் உறையைக் கொடுத்தாள். அவன் ரோர்ச் வெளிச்சத்தில் வாசித்தான். திகதியைப் பார்த்தான்.

"மிஸ், இது நேத்தையான் திகதி."

"ஓம்."

"நேத்து எழுதி வச்சனீங்களா?"

அவன் கடிதத்தைத் திருப்பி உறைக்குள் வைத்தான். "இது போனா கேஸ் போச்சு" என்றான் மெதுவாக.

"மூடியை இறக்கச் சொல்லுங்கோ."

இரண்டு நாள் கழித்து வெள்ளம் வற்றியது. காலையில் கலீலுர் றஹ்மான் போன் எடுத்தார். தன்னுடைய சாட்சியை மூடிவிட்டீர்களே என்று குறைபட்டார். பிறகு, பரவாயில்லை, அதைவிட நல்ல சாட்சியாக ஒரு வீடியோ கிடைத்திருக்கிறது, ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பலகை போட வேண்டாம் என்று தானும்தான் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அடுத்து வந்தது செயலாளரின் அழைப்பு. எல்லாக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தவிசாளரைச் சந்திக்க வரட்டாம். எல்லாக் கோப்புமா என்று கேட்டாள். எல்லாம்தான் என்றார் அவர், அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டியிராத நிம்மதியோடு.

கோப்புகளை அலுமாரியிலிருந்து இறக்கி மேசையில் அடுக்கினாள். ஊஞ்சல், மதில், தகடு, கம்பம். மயான மதில் வழக்கு முடிந்து ஆறு வருடமாகிறது. அந்த மதிலை யாராவது திருத்தினார்களா என்று அவளுக்குத் தெரியாது. வென்ற பிறகு கேட்கும் வழக்கம் அவளுக்கு இருக்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசி எடுத்து, போய்ப் பார்க்க வேண்டிய இடங்களின் பெயரை எழுதத் தொடங்கினாள். பதினொன்றாவது பெயரோடு பேனையை வைத்துவிட்டாள்.

பின்னேரம் படகுத்துறை ஒழுங்கைக்குப் போனாள். புதிய மூடிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. குல்சும் ராத்தா கடன் வாங்கிய ஊன்றுகோலோடு அதன்மேல் ஏறி, மூன்று தரம் அங்கும் இங்கும் நடந்து காட்டினார். முழங்கால் நோகுது என்று முணுமுணுத்தபடியே நடந்தார்.

"வாங்க, தங்கச்சி. ஒருக்கா நடந்து பாருங்க. அசையாது."

"நீங்கள் நடவுங்கோ ராத்தா. நான் பாக்கிறன்."

"என்னத்துக்குப் பயம்? நீங்கதானே மூடினீங்க."

கஜந்தி மூடியின் விளிம்புவரை வந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். கீழே அந்தத் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கும். குடையும் கோட்டும் ஊன்றுகோலும் எங்கோ துறைமுகத்தின் அடியில் கிடக்கும். தூக்கிய காலைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

ராத்தா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பழக்கதோஷத்தில் அன்றும் ஒரு பூவரசங் கொப்பு முறித்து மூடியின் ஓரத்தில் செருகி வைத்திருந்தார். சொல்லி வைத்தாற்போல் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு மான் வந்தது. இரண்டு பெண்களையும் பொருட்படுத்தாமல் நாலு காலையும் புதிய மூடியில் வைத்து ஏறி நின்று, இலையை இழுத்துத் தின்னத் தொடங்கியது.

கஜந்தி அதன் குளம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடி அசையவில்லை. கடைசி இலையையும் தின்றுவிட்டு மான் இறங்கிப் போகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மேற்கே ஒழுங்கை முனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ராத்தா கதிரையைத் தேடித் திரும்பிப் பார்த்தார், இனி அது தேவையில்லை என்று நினைவு வந்து, மதிலில் சாய்ந்துகொண்டார். பிள்ளைகள் ஓடி வந்து, மூடியின்மேல் தடதடவென்று மிதித்துக்கொண்டு போனார்கள். ரிஸ்லா மட்டும் அந்த இடம் வந்ததும் நின்றாள். மூடியைப் பார்த்தாள். கஜந்தியைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு நடுஒழுங்கையால் போனாள்.

கஜந்தியும் அவளுக்குப் பின்னால் அதே வழியாகத்தான் நடந்தாள்.